செல்போன் டவருக்கு இடப்பக்கம்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பேன். காலில் சக்கரம் கட்டிப் பெற்றுவிட்டேன் என்று உம்மா அலுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: நகராத ஒன்றை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆள் அரவமில்லாத ஒரு வறண்ட பூமியில் எங்கள் கம்பெனியின் தொலைநோக்கி நிற்கிறது. அதை வெகுதொலைவில் ஒரு நகரத்து அறையில் உட்கார்ந்து இயக்குவேன். பூமிக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் டிவிக்கும் தொலைபேசிக்குமான செயற்கைக்கோள்கள் சுற்றும் பாதை ஒன்று உண்டு. எங்கள் மொட்டை மாடியில் காக்கா, அதாவது என் அண்ணன், வாங்கி வைத்த டிஷ், முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பாதையைத்தான். பூமி சுழலும் வேகத்துக்குச் சரியாக அவையும் சுற்றுவதால் நம் கண்ணுக்கு நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் செத்துப்போன செயற்கைக்கோள்களும், உடைந்த ராக்கெட் துண்டுகளும், உரிந்துவிழுந்த மெல்லிய படலங்களும் அலைகின்றன. மோதினால் உயிரோடு இருப்பதும் போய்விடும். அந்தக் குப்பை எங்கே கிடக்கிறது, எங்கே போகிறது என்று சொல்வது எங்கள் தொழில். அவ்வளவு உயரத்தில் சின்னத் துண்டுகளைப் பிடிக்க ராடார் திணறும். வெயில் பட்டு அவை மினுங்குவதைத் தொலைநோக்கிதான் பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் விதம் எளிது. தொலைநோக்கியை அசையாமல் நிறுத்திப் படம் எடுத்தால் நட்சத்திரங்கள் எல்லாம் கோடாக இழுபடும். நம் சாமான் மட்டும் புள்ளியாக நிற்கும். நகராதது எவனோ அவன்தான் நம்ம ஆள்.

வாப்பாவுக்கு ஊரில் சின்னத் துணிக்கடை. என் வேலையை அவர் வாடிக்கையாளர்களிடம் விளக்குவதை ஒருமுறை கல்லாவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"எம்மவன் ஆகாசத்துல குப்பை பார்க்குறான்."

"பார்த்து? அள்ளுவாரா?"

"அள்ளமாட்டான். எங்க கெடக்குன்னு சொல்லுவான்."

"அதுக்கா சம்பளம்? எங்க தெருவுல எங்கெங்க கெடக்குன்னு நான் சும்மாவே சொல்லுவேனே, மொதலாளி."

வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவருக்கு என் வேலையில் உள்ளூர ஒரு பெருமை உண்டு என்பது தெரியும். ஏனென்றால் அவரும் வானத்தைப் பார்க்கிறவர்தான். பிறை பார்ப்பதில் ஊருக்கு அவர்தான் முதல் ஆள்.

எங்கள் ஊர் கோடியக்கரைக்குப் பக்கம். கிழக்கே உப்பளம், மேற்கே நெல்வயல். வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அடிவானம் வரை ஒரு செல்போன் டவரைத் தவிர மறைப்பது எதுவும் கிடையாது. நோன்பு மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் சூரியன் இறங்கியதும் வாப்பா மாடியில் நிற்பார். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பது நோன்பும் நிறைவு செய்ய வேண்டும். நோன்பை ஆரம்பிக்க ஒருவர் பார்த்ததாகச் சொன்னாலும் போதும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முடிப்பதற்கு அது போதாது. நம்பகமான ஆண்கள் இரண்டு பேராவது பள்ளிவாசலுக்கு வந்து, கண்ணால் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவராக வாப்பா எத்தனையோ வருஷம் நின்றிருக்கிறார். நான் சொல்லப்போகும் பெருநாளுக்கு முந்தின வருஷம் தஞ்சாவூரில் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு அந்தப் பெருமை இன்னும் ஏறியிருந்தது. "இது மிஷின் கண்ணு. இனிமே ஒண்ணும் தப்பாது" என்பார்.

அந்த ஜூன் மாதம் நான் நோன்புக் கடைசியில் விடுமுறைக்கு வந்திருந்தேன். கணக்குப் போட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன், ஆனால் கணக்கு இருபத்தொன்பதை நம்பிப் போட்டது. முப்பதாம் நாள் ராத்திரி திருச்சியில் விமானம் ஏற வேண்டும். இருபத்தொன்பதில் பிறை தெரிந்தால் பெருநாள் தொழுது, உம்மா முட்டை அடித்துச் செய்யும் வட்லாப்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். தெரியாவிட்டால் எல்லோரும் புதுச்சட்டை போடும்போது நான் ஏதோ ஒரு விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். டிக்கெட் மலிவு, மாற்ற முடியாத ரகம். லீவும் அதோடு முடிந்தது.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் ஷார்ஜாவிலிருந்து காக்கா போன் செய்தார். அங்கே ஒரு நாள் முன்னாலேயே நோன்பு ஆரம்பித்துவிட்டதால் அன்றோடு முப்பது முடிகிறது, நாளைக்குப் பெருநாள் உறுதி என்றார். போனை வைத்ததும் வாப்பா உம்மாவிடம் சொன்னார்:

"இன்னைக்கு இங்க பிறை தெரிஞ்சுட்டா மூத்தவனும் நாமளும் ஒரே நாள்ல பெருநாள். எத்தனை வருஷமாச்சு அப்படி! இவனும் கூட இருக்கான்."

அதற்குப் பிறகு அவரும் உட்காரவில்லை. சாயங்கால அசர் தொழுதுவிட்டு வந்ததிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் நடை. அன்று வீட்டில் இரண்டு பேர் காலில் சக்கரம்.

என் சக்கரத்துக்கு வேறு காரணம் இருந்தது. ஊருக்கு வரும் முன் கடைசி ஷிஃப்ட்டில் ஒரு சாமானைக் கண்டுபிடித்திருந்தேன். மங்கலான புள்ளி. பிரகாசம் கூடிக் கூடிக் குறைந்தது. உருண்டுகொண்டே போகும் மெல்லிய படலமாக இருக்கலாம். எந்தப் பட்டியலிலும் இல்லாதது. ஆனால் ஒரு ராத்திரி பார்த்தது போதாது. அதன் பாதையைக் கணக்கிட இரண்டாவது முறை பார்த்தாக வேண்டும். இந்த மாதிரி லேசான துண்டுகளைச் சூரிய வெளிச்சமே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். நாள் ஆக ஆகத் தேட வேண்டிய இடம் அகன்றுகொண்டே போகும், அப்புறம் வானம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நடுவில் அங்கே மேகம். "இன்னும் ஒரு நாள்தான் தருவேன். இதற்கு மேல் தொலைநோக்கியின் நேரத்தை இதில் போட முடியாது" என்று என் மேலதிகாரி சொல்லிவிட்டார். மரியாதையான மனிதர். கடைசியில் இன்னொன்றும் சொன்னார்: "அது இருக்க வேண்டும் என்று நீ மிகவும் விரும்புகிறாய். அதுதான் எனக்குக் கவலை."

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அங்கே இருட்டிவிடும் நேரம் இங்கே சாயங்காலம் நாலு மணி. ஆகவே அந்தப் படங்கள் எனக்கு வந்ததும், வாப்பா பிறைக்குக் காத்திருந்ததும் ஒரே பொழுதில். மாடிப்படியில் சிக்னல் கிடைக்கும் ஒரு படியைத் தேடி உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முதல் படத்தில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. ஒன்றில், நான் கணக்குப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு புள்ளி! பிறகு நாலைந்து படம் வெறுமை. மறுபடியும் ஒரு புள்ளி. உருள்கிறது, அதனால்தான் தெரிந்து தெரிந்து மறைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலதிகாரிக்கு 'கிடைத்துவிட்டது' என்று எழுத ஆரம்பித்தேன்.

"டேய், மேல வா! ஓடி வா!"

வாப்பாவின் சத்தம். லேப்டாப்பைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினேன். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லியிருந்தார்கள். அவர் வாயில் இன்னும் பேரீச்சம்பழம் இருந்தது. மேற்கே கை நீட்டியிருந்தார்.

"டவருக்கு இடப்பக்கம். செவப்பு லைட்டுக்கு ஒரு சாண் மேல. கொம்பு தெரியுதா? மெல்லிசா, நூல் மாதிரி!"

பார்த்தேன். சிவந்த அடிவானமும் அதற்கு மேல் தூசு படிந்த வெளிச்சமும்தான் இருந்தன. மங்கலானதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். நேராகப் பார்த்தேன். ஓரக்கண்ணாலும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"தெரியலியே வாப்பா."

"நல்லாப் பாருடா. இப்பத்தான் இருந்துச்சு. நீ பார்த்துட்டா ரெண்டு பேராயிடும்."

அவர் குரலில் இருந்த ஆசை என்னைப் பிடித்து உலுக்கியது. ஒரு வார்த்தை, 'தெரியுது' என்று சொன்னால் போதும். ஊருக்கே நாளைக்குப் பெருநாள், எனக்கு வட்லாப்பம். ஆனால் நாக்கு எழவில்லை. "இல்ல வாப்பா. எனக்குத் தெரியல" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிப் பள்ளிவாசலுக்கு விறுவிறுவென்று போனார்.

ஊரில் வேறு யாரும் பார்க்கவில்லை. பள்ளிவாசல் வாசலில் கூட்டம் நின்றது. வாப்பா பார்த்ததாகச் சொன்னதும், அவர் வயதொத்த ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"மவனுக்கு நாளைக்கு ராத்திரி பிளைட்டாமே? அதான் ஒங்களுக்கு மட்டும் பிறை அவசரமா வந்துருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. தொழவைக்கும் ஹஜ்ரத் அவரைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

"ஒருத்தர் சாட்சியில ஊருக்குப் பெருநாள் சொல்ல முடியாது. ஊருக்கு முப்பதுதான். ஆனா ஒங்களுக்கு உறுதின்னா, நாளைக்கு ஒங்களுக்கு நோன்பு இல்ல. யாருக்கும் தெரியாம விட்டுடுங்க. உறுதி இல்லேன்னா வச்சுடுங்க. அது ஒங்க கண்ணுக்கும் ஒங்களுக்கும் உள்ளது."

இது கேட்க இதமான பேச்சு. ஆனால் வாப்பாவுக்கு இதைவிடப் பெரிய சங்கடம் இருக்க முடியாது. பார்த்தது பிறைதான் என்றால் பெருநாளில் நோன்பு வைப்பது பாவம். பிறை இல்லை என்றால் நோன்பை விடுவது பாவம். விடியுமுன் சஹருக்கு எழுந்து எங்களோடு சாப்பிட்டார். இருக்கட்டும் என்று, நோன்பு வைப்பதாக மனதில் நிய்யத்தும் வைத்துக்கொண்டார். காலையில் கடைக்குப் போகவில்லை. செய்தித்தாளை எடுத்தார், வைத்தார். காக்கா வீடியோவில் புதுச்சட்டையோடு வந்து சலாம் சொன்னார். பிள்ளைகளைக் காட்டினார். வாப்பா எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு, காக்கா எதையோ கேட்கும் முன் போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

பத்து மணி இருக்கும். மாடிக்குப் போனேன். அவர் அங்கே நின்றிருந்தார். கைப்பிடிச் சுவரில் ஒரு டம்ளர் தண்ணீர். குடிக்கவில்லை. ததும்ப நிறைந்தபடி இருந்தது.

"நீ கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு. நேத்து அந்த நேரத்துல பிறை எங்க இருந்துச்சு?"

என்னிடம் அந்தக் கணக்கு இருந்தது. உண்மையில் முந்தின நாளே பார்த்திருக்கலாம், கையடக்கமான விஷயம். பயந்துபோய்ப் பார்க்காமல் இருந்தேன். இப்போது பார்த்தேன். பிறகு அவரை நேற்று நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லி, மறுபடியும் கை காட்டச் சொன்னேன். அவர் தயங்காமல் டவருக்கு இடப்பக்கம், சிவப்பு விளக்குக்கு ஒரு சாண் மேலே காட்டினார்.

"சொல்லு" என்றார்.

"நேத்து பிறை வலப்பக்கம் வாப்பா. அதுவும் வயலுக்குக் கொஞ்சம் மேல, அடியோட அடியா. வெறுங்கண்ணுக்குப் படுற வயசும் இல்ல அதுக்கு. நீங்க காட்டுற இடத்துல அது எப்பவுமே வரல."

"அப்ப நான் பார்த்தது?"

"கிழக்கேருந்து வளைகுடாவுக்குப் போற பிளேன் அந்தப் பக்கமாத்தான் போவும். போன பிறகு பின்னால ஒரு கோடு நிக்கும். சூரியன் கீழேருந்து அடிச்சா வெள்ளையா, வளைஞ்சு தெரியும். கொஞ்ச நேரத்துல கலைஞ்சுடும்."

அவர் டவரையே பார்த்துக்கொண்டு நின்றார். காக்கா முதன்முதலாகப் போனதும் அந்த மாதிரி ஒரு பிளேனில்தான். நான் அதைச் சொல்லவில்லை, அவருக்கும் அது தோன்றியிருக்கும். டம்ளரை எடுத்தார். தொட்டியில் இருந்த கற்பூரவல்லிச் செடிக்குத் தண்ணீரை ஊற்றினார்.

"ஒன்னோடது?" என்றார் திடீரென்று. "நேத்து படியில ஒக்காந்து பார்த்துக்கிட்டிருந்தியே. அது கெடச்சுதா?"

"கெடச்ச மாதிரிதான் இருக்கு."

"ம்."

அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு அது ஒரு மாதிரி உறுத்தியது. கீழே வந்து லேப்டாப்பைத் திறந்தேன். 'கிடைத்துவிட்டது' என்ற பாதிக் கடிதம் இன்னும் அனுப்பாமல் கிடந்தது. அந்த இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு இதற்கு முந்தைய ராத்திரிகளில், வானத்தின் வேறு மூலையைப் பார்த்து எடுத்த படங்களைத் திறந்தேன். கேமராவின் அதே இடத்தில், அதே புள்ளி. சில படங்களில் இருந்தது, சிலவற்றில் இல்லை. கேமராச் சில்லில் ஒரு புள்ளி கெட்டுப்போய், நினைத்தால் எரிந்து நினைத்தால் அணைந்திருக்கிறது. நகராதவன் நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேமராவின் குறையும் நகராது. முதல் ராத்திரி பார்த்தது நிஜம்தான், அது கேமராவில் படத்துக்குப் படம் மெல்ல இடம் மாறிய புள்ளி. ஆனால் இரண்டாவது பார்வை இல்லை. எனக்கும் என் பிறை வேண்டியிருந்தது, அதனால் தெரிந்தது.

உடனே எழுதுவதற்குக் கை வரவில்லை. சாட்சி சொல்லிவிட்டு மாற்றிச் சொல்வது யாருக்கும் லேசில்லை. நான் இன்னும் சொல்லவேகூட இல்லை. அனுப்பாமல் விட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. கூடத்தில் நடந்தேன். அடுப்படிக்குப் போனேன். உம்மா "நோன்போட அலையாதே, நாக்கு வரளும்" என்றாள்.

மத்தியான லுஹர் தொழுகைக்கு வாப்பாவோடு போனேன். தொழுகை முடிந்து கலையும் நேரம், அவர் முன்வரிசையிலிருந்து எழுந்து திரும்பி நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அருகில் போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"வேணாம் வாப்பா. அவங்கதான் நம்பவே இல்லியே. நீங்க சொல்லி என்ன ஆவப்போவுது?"

"அவங்க நம்பல. நான் சொன்னேன்ல?"

கையை விடுவித்துக்கொண்டார். சத்தமாகவும் சொல்லவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. கடையில் துணி விலை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"நேத்து நான் பார்த்ததாச் சொன்னது பிறை இல்ல. பிளேன் கோடு. என் கண்ணு தப்பிடுச்சு. மாப்பு பண்ணிடுங்க."

யாரோ பின்னாலிருந்து "கண் டாக்டரை மாத்துங்க மாமா" என்றார். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது, ஹஜ்ரத் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டது. முந்தின நாள் கிண்டல் செய்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். வாப்பா வெளியே வந்து செருப்பைத் தேடினார். அது அவர் காலடியிலேயே இருந்தது. நான் குனிந்து நேராக்கி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து நின்றபடியே எழுதினேன்: இரண்டாவது முறை பார்க்கவில்லை, புள்ளி கேமராவின் குறை, தேடலை நிறுத்திவிடலாம். அனுப்பிவிட்டேன். மேலதிகாரியிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது: நன்றி, கேமராவைச் சரிபார்க்கச் சொல்கிறேன். அந்த உருளும் படலம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. இனி அது கிடைக்காது. இன்று வரை அது எனக்கு ஆறவில்லை.

அசருக்கு முன் வாடகைக் கார் வந்தது. உம்மா நோன்புக் கஞ்சியைப் பிளாஸ்க்கில் ஊற்றி, பேரீச்சம்பழத்தோடு கொடுத்தாள். வட்லாப்பத்துக்கு வாங்கிவைத்த முட்டை அடுப்படியில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அழுதாள். வாப்பா கடைக்குப் போயிருந்தார். காரை நிறுத்தி இறங்கிப்போய்ச் சலாம் சொன்னேன். கட்டிப்பிடித்தார். "நேரமாச்சு, போ" என்றார்.

மன்னார்குடி தாண்டியும் வயல்கள் காய்ந்துதான் கிடந்தன. டிரைவர் வழியெல்லாம் மேட்டூரைப் பற்றியே பேசினார். இந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் விடுவார்களா மாட்டார்களா என்று அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. தஞ்சாவூரைக் கடந்து, பூதலூர் ரோடு பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் பொழுது இறங்கியது. ஓரமாக நிறுத்தச் சொல்லி நோன்பு திறந்தேன். டிரைவருக்கும் ஒரு டம்ளர் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

போன் அடித்தது. வாப்பா.

"நோன்பு தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேன். நீங்க மாடியிலயா?"

"இல்ல. கீழதான் இருக்கேன்."

அவர் அந்த நேரத்தில் கீழே இருந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை. முப்பது முடிந்துவிட்டது, இனிப் பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நாளைக்குப் பெருநாள்தான். யாரும் பார்க்கத் தேவையில்லை. நான் காருக்கு முன்னால் போய் நின்றேன். ரோட்டுக்கு வலப்புறம், ஒரு பனைமரத்துக்கு மேலே, கொம்பு இரண்டும் மேல்நோக்கி, யாரும் தேடவேண்டாத அளவுக்குப் பளிச்சென்று நின்றது.

"வாப்பா, பிறை தெரியுது."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது.

"எந்தப் பக்கம்?"

"அங்கேருந்து பார்த்தா டவருக்கு வலப்பக்கம். நல்ல ஒசரத்துல."

"வச்சுடாதே. இரு" என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதும், இரும்புக் கதவைத் தள்ளுவதும் கேட்டது. பிறகு காற்று மட்டும் கேட்டது. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அந்த ரோட்டோரத்தில், நடக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமா, தெரியுது" என்றார். "இப்ப ரெண்டு பேராச்சு."